மூன்று மட்டைக்காரர்: டென்னிஸ் டீச்சர் பதில்கள்

மழை விட்டு மலையில் கோர்ட்டுகள் உலரத் தொடங்கியதும் கடிதங்களும் வரத் தொடங்கிவிட்டன. இம்முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே மனக்குறை. எதிராளியின் அடியைப் பற்றி யாரும் முறையிடவில்லை. ஆட்டத்துக்கு நடுவே அவர் செய்யும் மற்ற காரியங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள்: மட்டையை மாற்றுகிறார், பேச்சுக் கொடுக்கிறார், மூடுபனி இறங்கினால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார். புதிய வாசகர்களுக்கு ஒரு வரி. குன்னூரில் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். இப்போது வீட்டு முன்னறையில் மட்டைகளுக்கு நரம்பு போட்டுத் தருகிறேன். அப்பா தேயிலைத் தோட்ட அதிகாரிகளின் கிளப் ஒன்றில் மார்க்கர். உறுப்பினர்களுக்கு ஆடத் துணை கிடைக்காத நாளில் எதிரே நின்று ஆடுவதும், மட்டைகளைப் பராமரிப்பதும் அவர் வேலை. நான் சொல்வதில் பாதி அவர் சொன்னது.

*

வணக்கம் டீச்சர். கோத்தகிரியில் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஞாயிறு காலையில் நண்பர்கள் நான்கைந்து பேர் ஆடுவோம். அவர்களில் ஒருவர் மூன்று மட்டைகளுடன் வருவார். தொடர்ந்து இரண்டு கேம் தோற்றால் போதும், பையைத் திறந்து மட்டையை மாற்றுவார். நரம்பை ஒவ்வொன்றாக விரலால் நேராக்குவார், கிரிப்பைப் பிரித்துச் சுற்றுவார். போன வாரம் இரண்டாவது செட்டில் நான் 5-2 என்று முன்னால் இருந்தேன். அவர் மூன்றாவது மட்டையை எடுத்தார். 5-7 என்று தோற்றேன். இதற்கு விதி இடம் கொடுக்கிறதா?

மட்டையை மாற்ற விதி இடம் கொடுக்கிறது. எத்தனை மட்டை கொண்டுவரலாம் என்பதற்குக் கணக்கில்லை. ஒரு புள்ளி ஆடும்போது ஒரே மட்டையால்தான் ஆட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் நேரத்துக்குக் கணக்கு உண்டு. ஒரு புள்ளி முடிந்து அடுத்த சர்வ் போடுவதற்குள் 25 விநாடி. பக்கம் மாறும்போது 90 விநாடி. செட் முடிந்தால் 120 விநாடி. ஒவ்வொரு செட்டிலும் முதல் கேம் முடிந்து பக்கம் மாறும்போது ஓய்வே கிடையாது, நேராக நடந்துபோய் ஆட வேண்டும். ஆட்டக்காரரின் பிழையில்லாமல் உடையோ ஷூவோ கிழிந்துபோனால் கொஞ்சம் கூடுதல் நேரம் தரலாம். அந்தச் சலுகையிலிருந்து மட்டையை மட்டும் தனியே குறிப்பிட்டு விலக்கியிருக்கிறார்கள். நரம்பு அறுந்தாலும் அந்த 25 விநாடிக்குள் வேறு மட்டையை எடுத்துக்கொண்டு வந்து நிற்க வேண்டியதுதான். ஆகவே உங்கள் நண்பர் மட்டையை மாற்றியது தவறில்லை. கோட்டில் நின்றுகொண்டு நீங்கள் காத்திருக்கும்போது கிரிப்பைப் பிரித்துச் சுற்றினாரே, அது தவறு.

விதியைச் சொல்லிவிட்டேன். இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். கடிதத்தில் அவர் செய்ததையெல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பை, எத்தனையாவது மட்டை, எந்த விரல் என்பதுவரை. அந்த ஐந்து கேமில் நீங்கள் எங்கே சர்வ் போட்டீர்கள், எந்த அடி வலையில் விழுந்தது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தோல்வி அங்கேதான் தொடங்கியது. அவருடைய மூன்றாவது மட்டைக்கும் இரண்டாவது மட்டைக்கும் என்ன வித்தியாசம் என்று உங்களுக்குத் தெரியாது. பெரும்பாலும் அவருக்கும் தெரியாது. ஆனால் அதில் ஏதோ இருக்கிறது என்று நீங்கள் நம்பிவிட்டீர்கள்.

எனக்குப் பதினொரு வயது இருக்கும். கிளப்பில் ஒரு தோட்ட மேலாளர் இரண்டு மர மட்டைகள் வைத்திருந்தார். அந்த நாளில் ஈரத்தில் சட்டம் கோணிவிடாமல் இருக்க மட்டையை நான்கு திருகாணி போட்ட மர அழுத்தியில் மாட்டி வைப்பார்கள். அவர் தோற்கத் தொடங்கினால் வெளியே வந்து அந்தத் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி இரண்டாவது மட்டையை எடுப்பார். எதிரே நிற்பவர், ஓரத்தில் நிற்பவர், பந்து பொறுக்கும் பையன் என எல்லோர் கண்ணும் அந்தத் திருகாணியில் இருக்கும். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா என் தலையைத் திருப்பிவிட்டுச் சொன்னார்: "அவர் பையைப் பார்க்காதே, பாப்பா. ஆடுகிறவர் முகத்தைப் பார்." பார்த்தேன். எதிரே நின்றவருடைய முகம் ஏற்கெனவே மாறியிருந்தது. அந்த இரண்டு மட்டைகளுக்கும் ஒரே நாளில், ஒரே நரம்பில், ஒரே இழுப்பில் அப்பாதான் கட்டியிருந்தார். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு இதைச் செய்து பாருங்கள். அவர் பையை நோக்கி நடந்ததும் நீங்கள் திரும்பிப் பின்வேலிக்குப் போங்கள். கம்பியைக் கையால் தொடுங்கள். அடுத்த பந்தை எங்கே போடப்போகிறீர்கள் என்பதை வாய்க்குள் சொல்லிக்கொள்ளுங்கள்: "உடம்புக்கு நேராக" அல்லது "பேக்ஹேண்டுக்கு." சொல்லி முடிக்கும் வரை திரும்பாதீர்கள். 1975 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் ஆர்தர் ஆஷ் பக்கம் மாறும்போதெல்லாம் நாற்காலியில் கண்களை மூடி உட்கார்ந்திருந்தார். எதிரே இருந்தவர் ஜிம்மி கானர்ஸ், முந்தைய ஆண்டின் சாம்பியன். அவரைப் பார்த்துக்கொண்டிருப்பதால் ஆஷுக்கு ஒரு லாபமும் இல்லை.

நேரம் மிஞ்சினால் சொல்லத்தான் வேண்டும். புள்ளிகளுக்கு நடுவே சொன்னால் சண்டையாகிவிடும். பக்கம் மாறும்போது அருகில் வந்ததும் சொல்லுங்கள்: "மட்டையை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், கிரிப் வேலையை மட்டும் பக்கம் மாறும்போது வைத்துக்கொள்ளுங்களேன்." நண்பர்தானே, கேட்பார்.

*

நான் மதுரையில் கல்லூரியில் படிக்கிறேன், டீச்சர். விடுமுறைக்கு ஒவ்வோர் ஆண்டும் கொடைக்கானலில் சித்தப்பா வீட்டுக்கு வருவேன். அங்கே ஆடினால் என் பந்தெல்லாம் கோட்டைத் தாண்டிப் போகிறது. என் சித்தப்பா மகள், "உனக்கு மலை ஆட்டம் வராது, மனசிலே பயம்" என்று சொல்லிச் சொல்லி என்னைத் தோற்கடிக்கிறாள். மட்டையை மாற்றுவதா, மனத்தை மாற்றுவதா?

உன் மனத்தில் ஒன்றும் இல்லை, கண்ணம்மா. காற்றில்தான் விஷயம் இருக்கிறது.

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மதுரை சமவெளி. மேலே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கைவிடச் சற்றே அதிகம். காற்று மெலிந்தால் பந்தைப் பிடித்து நிறுத்தும் தடையும் குறைகிறது. அதே வேகத்தில் அடித்த பந்து இன்னும் தூரம் போய்த்தான் இறங்கும். சுழற்சியும் அவ்வளவு பிடிக்காது, ஏனென்றால் சுழலும் பந்தை வளைப்பதும் காற்றுதான். போதாததற்கு, டப்பாவில் அடைத்து வரும் பந்துக்குள் அழுத்தமான காற்று இருக்கிறது. வெளியே அழுத்தம் குறையும்போது பந்து உள்ளிருந்து இன்னும் விறைத்துக்கொண்டு அதிகமாக எகிறுகிறது. இந்த மூன்றையும் நீ "பயம்" என்ற ஒரே பெயரில் சுமந்துகொண்டிருக்கிறாய்.

இது என் ஊகம் இல்லை. உலக டென்னிஸ் விதியிலேயே 4,000 அடிக்கு, அதாவது 1,219 மீட்டருக்கு மேல் ஆடுவதற்குத் தனிப் பந்து உண்டு. சாதாரணப் பந்தை 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டால் 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழ வேண்டும். உயரமான இடத்துக்கான பந்து 122 முதல் 135 வரைதான் எழ வேண்டும். உள்ளே அழுத்தமே இல்லாத பந்தையும் பயன்படுத்தலாம். ஆனால் அது ஆடப்போகும் உயரத்திலேயே 60 நாட்களோ அதற்கு மேலோ இருந்து பழகியிருக்க வேண்டும். பந்துக்கே இரண்டு மாதம் கொடுக்கிறார்கள். நீ பஸ்ஸிலிருந்து இறங்கிய மறுநாள் காலையில் ஆடப்போகிறாய்.

ஆகவே நீ மட்டையை மாற்றத்தான் வேண்டும், தயங்காதே. இரண்டாவது மட்டை ஒன்று இருந்தால் அதற்கு மூன்று நான்கு பவுண்டு கூடுதல் இழுப்பில் நரம்பு போட்டுக்கொள். மதுரையில் 52 என்றால் மலைக்கு 55. நரம்பு இறுகினால் பந்து மட்டையிலிருந்து துள்ளிப் போவது குறையும், இலக்கு கைக்குள் வரும். வலைக்கு மேல் ஒரு முழம் விட்டு அடிப்பவளாக இருந்தால் இங்கே அரை முழம் போதும். முதல் இரண்டு நாள் பாதி வேகத்தில், கோட்டுக்கு இரண்டடி உள்ளே குறி வைத்து ஆடு. இது கேம் நடுவே பதறிப்போய் மாற்றுகிற மாற்றம் அல்ல, வீட்டிலேயே யோசித்துச் செய்கிற மாற்றம்.

உன் தங்கையோ அக்காவோ, யாராக இருந்தாலும் மலையிலேயே வளர்ந்தவள். அவள் கைக்கு இந்தக் காற்று பழக்கம். அடுத்த விடுமுறையில் அவளை மதுரைக்கு அழைத்து ஆடு. பந்து வலையிலேயே விழுகிறது என்று அவள் குழம்புவாள். அப்போது நீ "மனசிலே பயம்" என்று சொல்லாதே. காரணத்தை விளக்கிச் சொல்.

*

மட்டை நரம்பில் செருகும் சிறிய ரப்பரை நான் நடுவில் வைத்திருக்கிறேன். எதிரணிக்காரர் அது விதிமீறல் என்கிறார். — மேட்டுப்பாளையம் வாசகர்

அவர் சொல்வது சரி. குறுக்கும் நெடுக்குமாக நரம்பு பின்னியிருக்கும் பகுதிக்கு வெளியே, கடைசிக் குறுக்கு நரம்புக்குக் கீழே வைக்க வேண்டும். கீழே இறக்கிவிடுங்கள், ஆட்டத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அது அதிர்வின் ஓசையைத்தான் அடக்குகிறது. அப்பா இருந்திருந்தால் அதைக் கழற்றச் சொல்லியிருப்பார். நகத்தால் நரம்பைச் சுண்டி, வீணை வித்வான் போலக் காதைச் சாய்த்துக் கேட்டுத்தான் எத்தனை தளர்ந்திருக்கிறது என்று சொல்வார். ரப்பர் இருந்தால் அந்தக் குரல் கேட்காது.

*

எனக்கு வயது 16. ஊர் கேத்தி. எங்கள் காலனிப் போட்டியில் அறுபது வயதுத் தாத்தா ஒருவர் கையைத் தூக்காமல் கீழிருந்து சர்வ் போடுகிறார். பந்து வலையைத் தாண்டியதும் செத்து விழுகிறது. நான் பின்னால் நிற்பதால் எட்டவே முடியவில்லை. பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். இது ஏமாற்று வேலைதானே, மிஸ்?

இல்லை தம்பி. கீழிருந்து சர்வ் போடுவதை விதி தடுக்கவே இல்லை. பந்து தரையில் படுவதற்கு முன் மட்டையால் அடிக்க வேண்டும் என்பதுதான் கட்டளை.

1989 பிரெஞ்சு ஓப்பன் நான்காவது சுற்று. உன்னைவிட ஒரே வயது பெரியவன், 17 வயது மைக்கேல் சாங். எதிரே உலகின் முதல் நிலை வீரர் இவான் லெண்டில். சாங் முதல் இரண்டு செட்களைத் தோற்று, அடுத்த இரண்டை வென்று, ஐந்தாவது செட்டில் கால் பிடித்து இழுக்க நிற்க முடியாமல் இருந்தான். அப்போது கீழிருந்து ஒரு சர்வ் போட்டான். லெண்டில் முன்னே ஓடி வந்து எடுத்தார், ஆனாலும் அந்தப் புள்ளி சாங்குக்குத்தான். கடைசிப் புள்ளியில் சாங் சர்வ் வாங்குவதற்கு சர்வீஸ் கோடு வரைக்கும் முன்னேறி நின்றான். லெண்டிலின் இரண்டாவது சர்வும் தவறியது. அந்தப் பையன் அந்த ஆண்டின் சாம்பியனே ஆனான்.

அதை மனத்தை வைத்து ஆடிய ஆட்டம் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அவன் செய்தது எல்லாம் பந்தாலும் காலாலும் செய்தது. லெண்டிலுக்கு எல்லாமே கண்ணெதிரே தெரிந்தது, பதில் சொல்லவும் அவருக்கு வழி இருந்தது. நான் மேலே சொன்ன ஆஷும் அப்படித்தான். வேகமான பந்தை விழுங்கிச் சாப்பிடும் கானர்ஸுக்கு வேகத்தையே கொடுக்காமல், மெதுவான பந்தும் தாழ்ந்த பந்தும் தலைக்கு மேல் போகும் பந்துமாகக் கொடுத்து 6-1, 6-1, 5-7, 6-4 என்று வென்றார். நம் ரமேஷ் கிருஷ்ணனை எடுத்துக்கொள். அவருடைய சர்வில் வேகம் இல்லை என்று எத்தனை பேர் எழுதினார்கள். 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில் அப்போதைய முதல் நிலை வீரர் மாட்ஸ் விலாண்டரை அந்த மென்மையான கையால்தான் அவர் வென்றார். அப்பாவின் வார்த்தை ஒன்று உண்டு: "வம்பு செய்ய வேண்டுமானால் பந்தால் செய்." உங்கள் காலனித் தாத்தா பந்தால் செய்கிறார்.

அவர் மணிக்கட்டைப் பார். கீழிருந்து போடப் போகிறவர் பந்தைத் தரையில் தட்டும் விதமே மாறும். இரண்டடி முன்னே வா. பந்து வந்ததும் ஓங்கி அடிக்காதே, தள்ளி ஆழமாகப் போட்டுவிட்டு வலைக்கு வந்து நில். அறுபது வயதில் பின்னே ஓட அவருக்கு மனமிருக்காது. ஒன்று மட்டும் கவனி: நீ தயாராக இல்லாதபோது அவர் போட்டால், எடுக்க முயலாமல் கையைத் தூக்கி "தயாராக இல்லை, தாத்தா" என்று சொல். முயன்றுவிட்டால் நீ தயாராக இருந்ததாகத்தான் கணக்கு.

*

என் கணவரின் மேலதிகாரியும் அவர் மனைவியும் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். கோட்டின் மேல் விழும் எங்கள் பந்துகளை அந்த சார் தயங்காமல் "அவுட்" என்கிறார். என் கணவர் வாய் திறக்க மாட்டார். எனக்கு ஆட்டமே வெறுத்துவிட்டது. — பெயர் வேண்டாம், குன்னூர்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அம்மா. நடுவர் இல்லாத ஆட்டத்தில் அவரவர் பக்கத்துப் பந்துக்கு அவரவரே நடுவர். அந்த அதிகாரத்தோடு ஒரு கடமையும் சேர்ந்து வருகிறது: சந்தேகம் இருந்தால் பந்து எதிராளிக்கு. கோட்டைத் துளி தொட்டாலும் உள்ளே. "அவுட்" என்பதைப் பந்து விழுந்த உடனே, எதிரே நிற்பவருக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். யோசித்துவிட்டுச் சொன்னால் அந்த யோசனையே சந்தேகம்தான்.

"பொய் சொல்கிறீர்கள்" என்ற பொருள் வரும் எதையும் சொல்லாதீர்கள். ஒரே ஒரு கேள்வி போதும். குரலை உயர்த்தாமல், "சார், நன்றாகப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அவர் பதிலை ஏற்றுக்கொண்டு அடுத்த புள்ளிக்குப் போய்விடுங்கள். இரண்டாவது முறை நடந்தால் மேடத்தைக் கேளுங்கள்: "மேடம், நீங்கள் பார்த்தீர்களா?" அவர் "உள்ளே" என்றாலோ, "தெரியவில்லை" என்று தயங்கினாலோ, அங்கே சந்தேகம் வந்துவிட்டது, பந்து உங்களுடையது. மண் கோர்ட்டாக இருந்தால் பந்தின் தடத்தைக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. முக்கியமாக, உங்கள் பக்கத்தில் விழும் சந்தேகப் பந்துகளை அவர் காதில் விழும்படி "உள்ளே, நல்ல பந்து" என்று கொடுங்கள். பழிக்குப் பழி வாங்க நீங்களும் இரண்டு பந்தைத் திருடினால் அன்றோடு அது டென்னிஸ் இல்லை.

இதற்கு மேலும் மாறாவிட்டால் அவர்களோடு ஆடாதீர்கள். முழங்கால் வலி என்று சொல்லிக்கொள்ளலாம். கணவரின் வேலைக்காக நீங்கள் விருந்து சமைக்கலாம், கொலு வைத்து அழைக்கலாம். ஞாயிற்றுக்கிழமையின் ஒன்றரை மணி நேரத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

*

ஊட்டியில் எங்கள் கோர்ட்டில் ஒருவர், தோற்கும் நிலையில் இருந்தால் மட்டும் "மூடுபனி வருகிறது, பந்து தெரியவில்லை" என்று நிறுத்திவிடுகிறார். அடுத்த வாரம் புதிதாக 0-0 என்று தொடங்குகிறோம்.

பந்து தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால் நிறுத்தத்தான் வேண்டும். ஈரத் தரையில் வழுக்கி விழுந்தவர்களை நான் தூக்கியிருக்கிறேன். ஈரத்தில் பந்து தண்ணீர் குடித்துக் கனத்துவிடும், நரம்பும் கெடும். விலங்குக் குடலில் செய்த நரம்பு போட்ட காலத்தில் மேகம் கோர்ட்டைத் தொட்டதுமே அப்பா மட்டைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார். அடுப்படிப் பரணில்தான் அவை உலரும்.

நீங்கள் தவறு செய்வது அடுத்த வாரத்தில். நிறுத்திய ஆட்டம் நிறுத்திய இடத்திலிருந்துதான் தொடர வேண்டும். அதே ஸ்கோர், அதே ஆள் சர்வ், அதே பக்கம். ஒரு சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொட்டகைச் சுவரில் குத்திவையுங்கள்: "2-5, 15-30, தெற்குப் பக்கத்திலிருந்து சர்வ்." பனி எப்போது வரும் என்பதில் அவருக்கு இருக்கும் அக்கறை குறைந்துவிடும்.

*

எதிராளி என்னை ஓயாமல் பாராட்டுகிறார். "உங்கள் ஃபோர்ஹேண்ட் இன்று பிரமாதம், என்ன மாற்றினீர்கள்?" என்று கேட்டார். அதன் பிறகு ஒரு ஃபோர்ஹேண்டும் உள்ளே விழவில்லை. பாராட்டுவதும் குற்றமா, டீச்சர்? — குந்தா வாசகர்

பந்து உங்களை நோக்கி வரும்போது வேண்டுமென்றே பேசினால் அது இடையூறு, புள்ளி உங்களுக்கு. பக்கம் மாறும்போது பேசினால் எந்த விதியும் தொடாது. அதனால்தான் அது கொடியது.

இதைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இருக்கிறது, ஏனென்றால் நான் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது ஆண்டு. ஆசிரியர்களுக்குள் ஒரு சிறிய போட்டி. எதிரே என் சக ஆசிரியை, என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அழகான சர்வ். முதல் செட்டை எளிதாக எடுத்துவிட்டார். தண்ணீர் குடிக்கும்போது, "பந்தைத் தூக்கிப் போடும்போது உங்கள் இடது கை முன்னைவிட உயரமாகப் போகிறதே, மாற்றிக்கொண்டீர்களா அக்கா?" என்று கேட்டேன். அந்தக் கையில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் யோசித்தார். பிறகு ஒவ்வொரு முறையும் தன் கையைப் பார்த்துக்கொண்டே பந்தைத் தூக்கினார். நான் வென்றேன். அதன் பிறகு அவர் ஆடுவதைக் குறைத்துக்கொண்டார். சர்வ் கெட்டுப்போய்விட்டது, வயதாகிவிட்டது போல என்று எல்லோரிடமும் சொன்னார். அவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. அவர் சிரித்தார், கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அந்தப் பழைய சர்வை நான் மறுபடி பார்க்கவே இல்லை.

கை தானாகச் செய்கிற வேலையை மூளை மேற்பார்வை பார்க்கத் தொடங்கினால் கை தடுமாறும். உங்கள் எதிராளி உண்மையாகவே பாராட்டியிருக்கலாம், நல்ல மனிதர்களும் அப்படிக் கேட்பதுண்டு. இரண்டுக்கும் ஒரே பதில்தான்: "நன்றி" என்று சொல்லிவிட்டு, அடுத்த புள்ளியில் கண்ணுக்கு ஒரு வேலை கொடுங்கள். பந்தின் தையல் கோடு எப்படிச் சுழன்று வருகிறது என்று பாருங்கள். கண்ணுக்கு வேலை இருந்தால் கையை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

*

மட்டையை வைத்தே ஒருவர் வெல்ல முடியுமா? — கூடலூர் மாணவர்கள்

ஒருமுறை முடிந்தது. 1977-ல் இரண்டு அடுக்காக நரம்பு கட்டி, நடுவே பிளாஸ்டிக் குழல் கோத்த மட்டை ஒன்று புழக்கத்துக்கு வந்தது. நரம்புகள் ஒன்றோடொன்று பின்னப்படாததால் பந்தோடு சேர்ந்து நகர்ந்து, யாரும் பார்த்திராத சுழற்சியைக் கொடுத்தன. ருமேனிய வீரர் இலி நஸ்தாசே அப்படி ஒரு மட்டையிடம் தோற்றார். சில நாட்களிலேயே அதே வகை மட்டையோடு பிரான்சின் ஏக்ஸ் நகர இறுதி ஆட்டத்துக்கு வந்தார். எதிரே களிமண் தரையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றிருந்த அர்ஜென்டினா வீரர் கியர்மோ விலாஸ். இரண்டு செட்களைத் தோற்றதும் விலாஸ் ஆட்டத்தையே விட்டு வெளியேறினார். உடனே அந்த மட்டைக்குத் தடை வந்தது. மறு ஆண்டு, நரம்பு எப்படி இருக்க வேண்டும் என்பது முதல்முறையாக விதிப்புத்தகத்தில் ஏறியது. இன்று மட்டையின் நீளம் 73.7 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பதுவரை அளவு உண்டு. ஆகவே இப்போது உங்களைப் பயமுறுத்தும் புது மட்டை எதுவும் அந்த எல்லைக்குள் செய்யப்பட்டதுதான்.

எதிர்ப்பக்கக் கதையும் உண்டு. 1991-ல் பியோர்ன் போர்க் பல ஆண்டுகளுக்குப் பிறகு மாண்டி கார்லோவில் ஆட வந்தார், பழைய மர மட்டையோடு. முதல் ஆட்டத்திலேயே நேர் செட்களில் தோற்றார். ஐந்து முறை விம்பிள்டன் வென்ற கை அது.

*

டீச்சர், மூன்று மட்டை வைத்திருப்பவன் நான். தோற்கத் தொடங்கினால் கை தானாகப் பைக்குப் போகிறது. எதிராளியைத் தொந்தரவு செய்ய நினைத்ததே இல்லை. இந்த மட்டை என்னைக் கைவிட்டது, அடுத்தது காப்பாற்றும் என்று தோன்றும். நண்பர்கள் என்னைத் தந்திரக்காரன் என்கிறார்கள். — குன்னூர் வாசகர்

முதல் கடிதத்தைப் படித்திருப்பீர்கள். அதை எழுதியவர் வேறு ஊர்க்காரர், உங்களைப் பற்றி எழுதவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தை அவரும் படிக்கட்டும் என்றுதான் இரண்டையும் ஒரே இதழில் சேர்த்தேன்.

உங்கள் மட்டைகளைப் பற்றிச் சில கேள்விகள். மூன்றும் ஒரே மாதிரியா? ஒரே நரம்பா? கடைசியாக எப்போது நரம்பு போட்டீர்கள்? பெரும்பாலானவர்கள் போலப் பழையது ஒன்று, மைத்துனர் கொடுத்தது ஒன்று, ஆசைப்பட்டு வாங்கியது ஒன்று என்று வைத்திருந்தால், மாற்றும் ஒவ்வொரு முறையும் உங்கள் கை புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எடை வேறு, சமநிலை வேறு, இழுப்பு வேறு. அது கற்றுக்கொள்வதற்குள் இரண்டு கேம் போய்விடும். மறுபடி மாற்றுவீர்கள். நரம்பு போட்ட நாளிலிருந்தே தளரத் தொடங்கும். வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறீர்களோ, ஆண்டில் அத்தனை முறை நரம்பு மாற்றுங்கள் என்பது நரம்பு போடுபவர்களின் பழைய கணக்கு. பாலியெஸ்டர் நரம்பாக இருந்தால் அதற்கும் முன்னதாகவே.

மாற்ற நியாயமான காரணங்கள் உண்டு. நரம்பு அறுந்தது. மட்டைச் சட்டம் விரிசல் விட்டது. ஈரத்தில் கிரிப் வழுக்குகிறது. பந்து நாலைந்து முறை ஒரே மாதிரி நீளமாகப் போகிறது, ஆகவே இறுக்கமானதை எடுக்கிறேன். இவை தவிர மற்ற நேரங்களில் கை பைக்குப் போனால் அங்கே துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அதே மட்டையோடு திரும்புங்கள்.

மூன்றையும் எடுத்துக்கொண்டு ஒரு நாள் மாலை என் வீட்டுக்கு வாருங்கள். பத்திரிகை அலுவலகத்தில் வழி சொல்வார்கள். இரண்டைத் தேர்ந்தெடுப்போம். இரண்டுக்கும் ஒரே நரம்பு, ஒன்றுக்கு மூன்று பவுண்டு கூடுதல். கூடுதலானதன் கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டித் தருகிறேன். மூன்றாவதை யாராவது ஒரு பள்ளிப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். எனக்கு நான்கைந்து பேரைத் தெரியும்.